எண்ணின் இனங்கண்ட இராமாநுஜர்

எண்களின் இனங்களைப் பாடநூல் கற்பிக்குமுன்னரே எமது கந்தப்பளைப் பிள்ளைகளுக்கு மலை கற்பித்துவிடுகின்றது. கொழுந்தெடுக்கச் செல்வோரை எண்ணுங்கால் வருவது இயற்கை எண். உறைபனிக் காலையிற் பூச்சியத்தின் கீழிறங்கும் வெப்பநிலையைக் குறிக்க மறை நிறைவெண்கள் வேண்டப்படுகின்றன. அரைப்பேர் விகிதமுறும் எண். நம் முன்னோர் 1/320 ஆகிய முந்திரிவரை பெயரிட்டு வழங்கிய பின்னங்களும் இவ்வினத்தனவே. இவற்றுள் அடங்காத எண்களும் உள. அவற்றோடு வாழ்ந்தவர் சீனிவாச இராமாநுஜர்.

1887ஆம் ஆண்டு திசெம்பர் 22ஆம் நாள் ஈரோட்டிற் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர். தந்தையார் துணிக்கடைக் கணக்கர். கணிதத்தில் ஒப்பற்று விளங்கியவர் கல்லூரியில் ஏனைய பாடங்களைப் புறக்கணித்து உதவிப்பணத்தை இழந்தார். சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிலிருந்து எழுதிய தேர்விலும் தேறினாரல்லர். மொழிப்பாடம் கற்பிக்கும் எமக்கு இச்செய்தி சற்றே உறுத்துவதுதான். தாள் வாங்க வசதியின்மையாற் பலகையிற் கணித்து, முடிபை மட்டும் ஏட்டிற் பதிந்தார். 1912இல் மாதம் முப்பது ரூபாய்ச் சம்பளத்திற் சென்னைத் துறைமுகத்தில் எழுதுவினைஞரானார். மறு ஆண்டு கேம்பிரிட்சுப் பேராசிரியர் ஆர்டிக்கு எழுதிய மடல் அவரை 1914இற் கடல் கடக்கச் செய்தது.

அவ்வாண்டு வெளிவந்த அவர் கட்டுரையொன்றில் விந்தையான எண் ஒன்றுண்டு. 58இன் வர்க்கமூலத்தைப் பையாற் பெருக்கி, அப்பெருக்கத்தை அடுக்காகக் கொண்டு இயற்கை மடக்கையின் அடியாகிய e என்பதை உயர்த்தினால் 24591257751.99999982 என வருகின்றது. புள்ளியின் பின் ஆறு ஒன்பதுகள்! நாம் இதனைக் கரும்பலகையில் எழுதியபோது, இறுதி இலக்கங்கள் கணிப்பிழையென்றும், எண் 24591257752 என்னும் நிறைவெண்ணே என்றும் மாணவர் பலர் சாதித்தனர். நாமும் முதலில் அவ்வாறே எண்ணினோம்.

உண்மை வேறு. 1934இற் கெல்பாண்டு, சினைடர் என்போர் தனித்தனியே நிறுவிய தேற்றத்தின்படி இவ்வெண் நிறைவெண்ணுமன்று, விகிதமுறும் எண்ணுமன்று. நிறைவெண்களைக் குணகங்களாகக் கொண்ட எந்தப் பல்லுறுப்புச் சமன்பாட்டிற்கும் மூலமாகாதது. எத்துணை ஒன்பதுகள் தொடரினும் தோற்றம் நிறுவலாகாது. தம் ஏடுகளிற் பெரும்பாலும் நிறுவலின்றி முடிபுகளையே எழுதிவந்த இராமாநுஜர், ஆர்டியின் துணையால் இந்நெறியிற் பழகினார் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

இயற்கை எண்களுள்ளும் அவர் புதிய வகுப்பொன்று கண்டார். 12இற்கு வகுத்திகள் ஆறு. அதனிற் சிறிய எதற்கும் அத்தனை இல்லை. இத்தகைய எண்களைப் பற்றிய ஆய்வுக்கே 1916இற் கேம்பிரிட்சு அவருக்குப் பட்டம் அளித்தது. தேர்விற் றவறியவர் பட்டதாரியானார். 1918இல் இலண்டன் அரச கழக உறுப்பினராயினார். நோயுற்று 1919இல் தாயகம் மீண்டவர், 1920 ஏப்பிரில் 26இற் சென்னையில் மறைந்தார். வயது முப்பத்திரண்டு. இறுதி மாதங்களிலும் படுக்கையிலிருந்தே கணித்துக்கொண்டிருந்தார்.