பனியில் எரிந்த விளக்குகள்: எடிசன் வாழ்க்கை

அமெரிக்காவின் வட மாநிலங்களில் டிசம்பர் மாதம் கடுங்குளிர். மாலை 5 மணிக்கே இருட்டிவிடும். ஆனால் தெருவில் இறங்கினால் இருட்டே தெரியாது. வீட்டுக் கூரை, வாசல், வேலி, தோட்டத்து மரம் எல்லாவற்றிலும் வண்ண விளக்குகள் தொங்கும். கிறிஸ்துமஸ் பண்டிகைக்காகக் கட்டுகிற விளக்குகள் அவை.

மேலே பனி கொட்டும். விளக்குகள் நனையும். ஆனாலும் அணைவது இல்லை.

நெருப்பும் இல்லாமல், ஈரத்துக்கும் அஞ்சாமல் வீட்டுக்கு வெளியே விளக்கு எரிய வழி தேடியவர்களில் முக்கியமானவர், தாமஸ் ஆல்வா எடிசன்.

களஞ்சியம் எரிந்தது

எடிசன் 1847-ம் ஆண்டு பிப்ரவரி 11-ந் தேதி, ஒகாயோ மாநிலத்தில் மிலான் என்ற ஊரில் பிறந்தார்.

சிறு பையனாக இருந்தபோது, தீ வைத்தால் என்ன ஆகும் என்று பார்க்க அவருக்கு ஆசை வந்தது. அப்பாவின் களஞ்சியத்துக்குள் தீ மூட்டினார். களஞ்சியம் எரிந்து சாம்பலாயிற்று. ஊரார் பார்க்க அப்பா அவரை அடித்து விளாசினார்.

பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்துவரவில்லை. அம்மா நான்சியே பாடம் சொல்லிக் கொடுத்தார்.

12 வயதில் ரெயிலில் பத்திரிகையும் மிட்டாயும் விற்கப் போனார். சாமான் பெட்டியின் ஒரு மூலையில் ரசாயனச் சோதனை செய்வார். ஒரு நாள் ரெயில் குலுங்கியது. பாஸ்பரஸ் கீழே விழுந்து தீப்பிடித்தது. சோதனைச் சாமான்களோடு பையனை இறக்கிவிட்டார்கள்.

பிறகு தந்தி ஆபீஸ் வேலை. 1876-ல் நியூஜெர்சி மாநிலத்தில் மென்லோ பார்க் என்ற சிற்றூரில் சொந்தமாக ஆய்வுக்கூடம் கட்டினார். மறு ஆண்டே பேசும் கருவியான போனோகிராப்பைச் செய்து புகழ் பெற்றார். 1879 அக்டோபரில், கருக்கிய பருத்தி நூலைக் காற்று நீக்கிய கண்ணாடிக் குமிழுக்குள் வைத்து, பல மணி நேரம் எரியச் செய்தார்.

மின்சார பல்பு செய்தவர் அவர் ஒருவர் மட்டும் அல்ல. இங்கிலாந்தில் ஜோசப் சுவானும் செய்தார். ஆனால் பல்பு மட்டும் போதுமா? மின்சாரம் அதற்கு வந்து சேர வேண்டும். வழியில் யாரையும் சுடக்கூடாது, எதையும் எரிக்கக்கூடாது. எடிசனின் பெருமை இங்கேதான் இருக்கிறது.

ஈர மண்

1880-ல் மென்லோ பார்க் தெருக்களில் விளக்கு வைக்க ஏற்பாடு நடந்தது. கம்பிகளை மண்ணுக்குள் புதைத்தார்கள். மண் ஈரம். மின்சாரம் கசிந்து மண்ணுக்குள்ளேயே போய்விட்டது!

கம்பிகளைத் தோண்டி எடுத்தார்கள். கம்பிக்குச் சட்டை போட என்ன பொருள் நல்லது என்று தேடினார்கள். நிலக்கீல், ஆளிவிதை எண்ணெய், பாரபின், தேன்மெழுகு எல்லாவற்றையும் சேர்த்துக் காய்ச்சினார்கள். துணி நாடாவை அதில் முக்கிக் கம்பிமேல் இறுகச் சுற்றினார்கள். கசிவு நின்றது.

அதே ஆண்டு மே மாதம், இன்னொரு பாதுகாப்புக்கும் எடிசன் உரிமை பெற்றார். மின்சாரம் அளவுக்கு மீறிப் பாய்ந்தால், இடையில் வைத்த மெல்லிய கம்பி உருகி அறுந்துவிடும். விளக்கு அணையும், வீடு பிழைக்கும். நம் வீட்டில் பியூஸ் போய்விட்டது என்கிறோமே, அதுதான்.

அந்த டிசம்பரில் ஆய்வுக்கூடத்தின் வெளிப்புறத்தைச் சுற்றி விளக்குச் சரங்களைத் தொங்கவிட்டார். பக்கத்தில் ரெயில் பாதை. பயணிகள் ஜன்னல் வழியே பார்த்து வியந்தார்கள். பண்டிகை ஆசை மட்டும் காரணம் அல்ல. நியூயார்க் தெருக்களில் கம்பி புதைக்க நகரசபையின் அனுமதி வேண்டும். டிசம்பர் 20-ந் தேதி நகரசபை உறுப்பினர்களையே அழைத்து வந்து காட்டினார். கெட்டிக்கார வியாபாரி!

மரத்தில் மெழுகுவர்த்தி

அந்தக் காலத்தில் கிறிஸ்துமஸ் மரத்தில் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். காய்ந்த மரம், பக்கத்தில் சுடர். வாளியில் தண்ணீர் வைத்துக்கொண்டு காவல் இருப்பார்கள். அப்படியும் வீடுகள் எரிந்தன.

1882-ல் எடிசனின் கூட்டாளி எட்வர்ட் ஜான்சன், நியூயார்க்கில் தம் வீட்டு மரத்தில் சிவப்பு, வெள்ளை, நீல நிறங்களில் 80 பல்புகளைக் கட்டினார். மரம் சுழன்றது. பல்புகள் மாறி மாறி மின்னின.

ஆனால் மின்சாரமும் தவறினால் தீதான். கோடீசுவரர் வாண்டர்பில்ட் மாளிகையில் எடிசன் விளக்குப் போட்டார். சுவர்த் துணியில் ஜரிகை இழை ஓடியது. கம்பியும் ஜரிகையும் உரசின. இழை பழுத்துத் தீப்பிடித்தது. வீட்டு அம்மாள் விளக்கு ஏற்பாடு முழுவதையும் கழற்றச் சொல்லிவிட்டார்.

ஈரமும் உரசலும் இன்றைக்கும் அதே எதிரிகள்தான். அதனால் அமெரிக்காவில், வெளியே கட்ட என்று முத்திரை போட்ட சரத்தையே வெளியே கட்டுகிறார்கள். கம்பிமேல் ஆணி அடிப்பது இல்லை, கொக்கியில் மாட்டுகிறார்கள். சட்டை கிழிந்த கம்பியை ஒட்டுப்போடாமல் எறிந்துவிடுகிறார்கள். கசிவு ஏற்பட்டால் தானே நிற்கும் ஸ்விட்சில்தான் இணைக்கிறார்கள். மின்கம்பி அருகே இரும்பு ஏணி சாத்துவது இல்லை. தூங்கப் போகும்முன் அணைத்துவிடுகிறார்கள். கல்யாண வீட்டில் சீரியல் விளக்கு கட்டுகிற நம் ஊருக்கும் இவை பொருந்தும்.

வெளியே கட்டுவதற்கென்றே செய்த சரங்கள் 1920-களின் பிற்பகுதியில் கடைக்கு வந்தன. எடிசன் அப்போது உயிரோடு இருந்தார்.

1931-ம் ஆண்டு அக்டோபர் 18-ந் தேதி, 84-வது வயதில் அவர் காலமானார். அவர் நினைவாக நாடு முழுவதும் மின்சாரத்தை நிறுத்தலாமா என்று யோசித்தார்கள். உயிருக்கே ஆபத்து நேரலாம் என்று அதைக் கைவிட்டார்கள். அவர்களாக விளக்கை அணைக்கும்படி ஜனாதிபதி ஹூவர் மக்களைக் கேட்டுக்கொண்டார். 21-ந் தேதி இரவு, வீடுகளில் ஒரு நிமிடம் விளக்குகள் அணைந்தன.