கடலைத் தொலைத்த கொற்கை
காரணத்தைக் கண்டு சொன்ன கால்டுவெல்

தூத்துக்குடி மாவட்டத்தில் கொற்கை என்று ஒரு சிறிய ஊர் இருக்கிறது. சுற்றிலும் வயல்களும் வாழைத் தோட்டங்களும். நடுவே பெரிய குளம். கடல் அங்கிருந்து ஏறக்குறைய 6 கிலோமீட்டர் கிழக்கே இருக்கிறது. அலையோசைகூட ஊருக்குள் கேட்பதில்லை.

ஆனால் இந்த ஊர்தான் ஒரு காலத்தில் பாண்டிய மன்னர்களின் துறைமுகம். முத்து விற்ற பட்டணம். ஏறத்தாழ 1,900 ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்க ஆசிரியர்கள் இதன் பெயரையும் முத்துக்குளிப்பையும் தங்கள் நூல்களில் எழுதி வைத்தார்கள். கப்பல் நின்ற இடத்தில் இன்று நெல் விளைகிறது.

கடல் எங்கே போயிற்று? யாராவது கடலை விரட்டினார்களா? இந்தக் கேள்விக்கு மண்ணைத் தோண்டிப் பார்த்து விடை தேடியவர் டாக்டர் ராபர்ட் கால்டுவெல்.

திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை எழுதியவர் என்றுதான் அவரைப் பலருக்கும் தெரியும். சொல்லுக்கு வேர் தேடிய அதே மனிதர், நிலத்துக்கும் வேர் தேடினார். அந்தக் கதை அவ்வளவாக யாருக்கும் தெரியாது.

குளிர் நாட்டுப் பிள்ளை

கால்டுவெல் 1814-ஆம் ஆண்டு மே மாதம் 7-ந் தேதி அயர்லாந்தில் பிறந்தார். பெற்றோர் ஸ்காட்லாந்துக்காரர்கள். சிறு வயதிலேயே குடும்பம் ஸ்காட்லாந்தில் உள்ள கிளாஸ்கோ நகருக்குத் திரும்பியது. அவர் முதலில் கற்க விரும்பியது ஓவியம். பிறகு மனம் மாறிச் சமயத் தொண்டுக்கு வந்தார். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் படித்துப் பட்டம் பெற்றார்.

அவர் வளர்ந்த நாட்டில் ஆண்டு முழுவதும் தூறல் உண்டு. வெயில் அபூர்வம். அப்படிப்பட்டவர் 1838-ஆம் ஆண்டு ஜனவரி 8-ந் தேதி சென்னையில் வந்து இறங்கினார். அப்போது அவருக்கு வயது 23. சூயஸ் கால்வாய் அந்நாளில் வெட்டப்படவில்லை. ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு பல மாதம் கப்பலில் வரவேண்டியிருந்தது.

சென்னையில் மூன்று ஆண்டுகள் தங்கித் தமிழ் படித்தார். பிறகு திருநெல்வேலிச் சீமைக்குப் போகத் தீர்மானித்தார்.

நடந்தே வந்தார்

அந்த நாளில் தெற்கே போக ரயில் கிடையாது. வசதியுள்ளவர்கள் பல்லக்கில் போவார்கள். இல்லாவிட்டால் குதிரையிலோ வண்டியிலோ போவார்கள். கால்டுவெல் நடந்தே புறப்பட்டார். நடந்து போனால்தான் நாட்டையும் மக்களையும் அறிய முடியும் என்பது அவர் எண்ணம்.

சோழ நாட்டின் நெல் வயல்களைக் கண்டார். தஞ்சாவூர், திருச்சி வழியாக நீலகிரி மலைக்கு ஏறினார். அங்கே குளிரை அனுபவித்தார். மலையை விட்டு இறங்கிக் கோயம்புத்தூர், மதுரை வழியாக நெல்லை வந்தார். 1841-ஆம் ஆண்டு டிசம்பரில் இடையன்குடி என்ற சிற்றூரை அடைந்தார். ஏறத்தாழ 50 ஆண்டுக் காலம் நெல்லைச் சீமையே அவருக்கு வீடாயிற்று.

1844-ல் எலைசா மால்ட் என்ற பெண்மணியை மணந்தார். அந்த அம்மையார் நாகர்கோயிலில் தொண்டு செய்த பாதிரியாரின் மகள். தமிழ் நன்றாகப் பேசுவார். இடையன்குடிப் பெண்பிள்ளைகளுக்குப் படிப்பும், நூலில் லேஸ் பின்னும் தொழிலும் கற்றுக் கொடுத்தார்.

செம்மணல் தேரி

இடையன்குடி தேரி நாட்டில் இருக்கிறது. தேரி என்றால் செம்மணல் மேடு. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை சிவப்பு மணல். மணலில் இரும்புச் சத்து துருவாகப் படிந்திருப்பதால் அந்த நிறம். அதன் நடுவே பனைமரங்கள். கோடையில் கால் வைக்க முடியாது.

இந்த மணலுக்குக் காற்றே காரணம். ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று மலையின் மேற்குப் பக்கத்தில் மழையைக் கொட்டிவிடுகிறது. பிறகு ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகக் கிழக்கே பாய்கிறது. இந்தப் பக்கம் வரும்போது அதில் ஈரம் இல்லை. வேகம் மட்டும் இருக்கிறது. அது செம்மண்ணை வாரிக்கொண்டு போய்க் கடலோரத்தில் குவித்தது. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் இப்படிக் குவிந்தவையே தேரிகள். இன்று அதே கணவாய்க் காற்றில் நூற்றுக்கணக்கான காற்றாலைகள் சுழன்று மின்சாரம் தருகின்றன.

கால்டுவெல் இந்த மணலில் கிணறு வெட்டினார். மரம் நட்டார். தெருக்களை நேராக அமைத்தார். ஒரு பெரிய கோயிலைக் கட்டத் தொடங்கினார். 1847-ல் தொடங்கிய அந்த வேலை 1880-ல்தான் முடிந்தது.

அவரிடம் குறையும் உண்டு. பனையேறும் மக்களைப் பற்றி 1849-ல் அவர் எழுதிய புத்தகம் அந்த மக்களின் மனத்தைப் புண்படுத்தியது. அவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். பின்னர் அந்தப் புத்தகம் திரும்பப் பெறப்பட்டது.

மொழி ஆராய்ச்சியில் அவருக்குப் பெரும் புகழ் கிடைத்தது. ஒப்பிலக்கணம் 1856-ல் வெளிவந்தது. தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் முதலியவை ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மொழிகள் என்று அதில் விரிவாக நிறுவினார்.

இரண்டு மழை, ஓர் ஆறு

நெல்லைச் சீமையின் அமைப்பு விசித்திரமானது. மேற்கே பொதிகை மலை வானை முட்டி நிற்கிறது. கிழக்கே மன்னார் வளைகுடா. இரண்டுக்கும் நடுவே தாமிரவருணி ஏறக்குறைய 128 கிலோமீட்டர் ஓடுகிறது. மலையில் அடர்ந்த காடு. கடலோரத்தில் வறண்ட தேரி. ஒரு பகல் பயணத்தில் இரண்டையும் பார்த்துவிடலாம்.

தூத்துக்குடி மாவட்டத்தில் ஆண்டுக்குச் சராசரியாக 65 சென்டிமீட்டர் அளவே மழை பெய்கிறது. பொதிகை மலையிலோ அதைப்போல் பல மடங்கு பெய்கிறது. அந்த மலைக்கு இரண்டு பருவமழை. ஆனி, ஆடியில் தென்மேற்கு மழை. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு மழை. அதனால் ஆற்றில் ஆண்டுக்கு இரு முறை வெள்ளம் வருகிறது. உழவர்கள் முதல் போகத்தைக் கார் என்றும், இரண்டாம் போகத்தைப் பிசானம் என்றும் சொல்வார்கள். தன் வயலில் மழை பெய்யாவிட்டாலும் மலையில் பெய்தால் போதும், நெல் விளைந்துவிடும்.

ஆனால் ஆறு தண்ணீரை மட்டும் கொண்டு வருவதில்லை. மண்ணையும் கொண்டு வருகிறது. கொற்கையின் கதை இந்த மண்ணில்தான் இருக்கிறது.

மண்ணுக்குள் சங்கு

கால்டுவெல் கொற்கைக்கு வந்தார். முதலில் ஊர்ப் பெயர்களைக் கவனித்தார். பக்கத்தில் அக்கசாலை என்று ஓர் ஊர். அக்கசாலை என்றால் நாணயம் அடிக்கும் இடம். இன்னொன்று மாறமங்கலம். மாறன் என்பது பாண்டியர் பெயர். ஆகவே இங்கே ஒரு தலைநகரம் இருந்திருக்க வேண்டும் என்று கருதினார்.

பிறகு ஆட்களை வைத்துத் தோண்டிப் பார்த்தார். இறந்தவர்களை வைத்துப் புதைத்த பெரிய மண் தாழிகள் கிடைத்தன. அதைவிட முக்கியமான பொருள் ஒன்றும் அங்கே இருந்தது. கடற்கரையிலிருந்து வெகு தூரம் உள்ளே இருந்த அந்த மண்ணில் கடற்சிப்பிகளும் சங்குகளும் கலந்து கிடந்தன. வயல் மண்ணுக்குக் கீழே பழைய கடற்கரை படுத்திருந்தது!

கடலை யாரும் விரட்டவில்லை. தாமிரவருணியே அதைத் தள்ளிவிட்டது. மலையிலிருந்து இறங்கும்போது ஆற்றுக்கு வேகம் அதிகம். மண்ணையும் மணலையும் உருட்டிக்கொண்டு வரும். சமவெளியில் வேகம் குறையும். கடலைச் சேரும் இடத்தில் அடியோடு குறையும். சுமந்து வந்த மண் அங்கே படியும். அலைகள் அதை மேடாக்கும். மேட்டுக்கு உள்ளே தேங்கிய நீர் கழியாகும். கழி தூர்ந்து தரையாகும். ஒரு தலைமுறையில் இது தெரியாது. பல நூறு ஆண்டுகள் கழிந்தால் துறைமுகம் வயலாகிவிடும்.

கடல் மட்டமே பழங்காலத்தில் ஏறியும் இறங்கியும் வந்திருக்கிறது என்று பிற்கால ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள். கரை மாறியதில் அதற்கும் பங்கு உண்டு.

துறைமுகம் நடந்த பாதை

கப்பல் வராவிட்டால் வியாபாரிகள் என்ன செய்வார்கள்? தண்ணீர் இருக்கும் இடத்துக்குப் போவார்கள். கொற்கை தூர்ந்தபோது, ஆற்றின் முகத்துவாரத்துக்கு அருகே காயல் என்ற புதிய துறைமுகம் எழுந்தது. காயல் என்றால் கடலை ஒட்டிய கழி. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ அதைப் பற்றிச் சொன்னார். அரபு நாட்டுக் குதிரைகள் கப்பலில் வந்து இறங்கிய துறைமுகம் அது.

மார்க்கோ போலோ சொன்ன ஊர் எது என்று மேல்நாட்டு அறிஞர்கள் தேடிக்கொண்டிருந்தார்கள். அது பழையகாயல்தான் என்று கால்டுவெல் காட்டினார். அங்கேயும் அவர் மண்ணைப் பார்த்தார். உடைந்த ஓடுகளும் சீனப் பீங்கான் துண்டுகளும் சிதறிக் கிடந்தன.

ஆறு காயலையும் விடவில்லை. அதுவும் கரைக்கு உள்ளே தங்கிப் போயிற்று. 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் வந்த பிறகு, ஆற்றுமண் தொல்லை இல்லாத தூத்துக்குடி பெரிய துறைமுகமாக வளர்ந்தது. கொற்கை, காயல், தூத்துக்குடி என்று துறைமுகம் இடம் மாறிய வரலாறு இதுதான். கொற்கை, காயல் ஆராய்ச்சியைக் கால்டுவெல் 1877-ல் கட்டுரையாக வெளியிட்டார். 1881-ல் வெளிவந்த திருநெல்வேலிச் சரித்திரத்திலும் விரிவாக எழுதினார்.

தாது வருஷப் பஞ்சம்

அதே ஆண்டுகளில்தான் கொடிய பஞ்சம் வந்தது. 1876 முதல் 1878 வரை தென்னாடு தவித்தது. மழை பொய்த்தது. குளங்கள் வறண்டன. சென்னை மாகாணத்தில் இலட்சக்கணக்கான மக்கள் மாண்டார்கள். அதைத் தாது வருஷப் பஞ்சம் என்று மூத்தோர் சொல்வார்கள்.

கால்டுவெல் 1877-ல் அத்தியட்சர் ஆனார். வயது 60-ஐத் தாண்டிவிட்டது. ஆனாலும் பசித்தவர்களுக்கு உதவி சேர்க்கும் வேலையில் முன்னின்றார். இந்தப் பஞ்சத்தின் காரணம் அன்று யாருக்கும் தெரியாது. வெகு தொலைவில் உள்ள பசிபிக் கடல் அந்த ஆண்டுகளில் அளவுக்கு மீறிச் சூடாகி, நம் பருவமழையைக் கெடுத்தது என்று இன்று விஞ்ஞானிகள் சொல்கிறார்கள். அதற்கு எல் நினோ என்று பெயர். எங்கோ ஒரு கடல் காய்ந்தால் இங்கே அடுப்பு எரியாது!

தேரியிலே துயில்

வயது முதிர்ந்ததும் கால்டுவெல் கொடைக்கானலில் ஓய்வெடுத்தார். அங்கே 1891-ஆம் ஆண்டு ஆகஸ்டு 28-ந் தேதி காலமானார். உடல் இடையன்குடிக்குக் கொண்டு வரப்பட்டு, அவர் கட்டிய கோயிலிலேயே அடக்கம் செய்யப்பட்டது. 1968-ல் சென்னைக் கடற்கரையில் அவருக்குச் சிலை எழுந்தது.

அதே சமயத்தில் கொற்கையில் மண்வெட்டிகள் மறுபடியும் ஒலித்தன. 1968-69-ல் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையினர் தோண்டினார்கள். அங்கே கிடைத்த கரித்துண்டு கி.மு. 8-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று ஆராய்ச்சியில் தெரிந்தது. கொற்கை எவ்வளவு பழைய ஊர் என்பதை உலகம் அறிந்தது. 2021-லும் அங்கே அகழாய்வு நடந்தது.

தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு 1961-க்குப் பிறகு நடக்கவில்லை. ஆனால் ஆறு தன் வேலையை நிறுத்தவில்லை. 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஓராண்டில் பெய்ய வேண்டியதைவிட அதிகம். தாமிரவருணி கரைபுரண்டது. வீடுகளும் வயல்களும் மூழ்கின. வெள்ளம் வடிந்தபோது எங்கும் சேறு.

மக்களுக்கு அது துன்பம், மறுக்க முடியாது. ஆனால் கொற்கையின் கடலைத் தூர்த்து வயலாக்கியதும் இப்படி வந்த சேறுதான். முத்தை எடுத்துக்கொண்டு நெல்லைக் கொடுத்த ஆறு அது. கரையில் வாழ்கிறவர்கள் ஆற்றின் குணத்தை அறிந்து வாழவேண்டும். அதன் வழியை அடைக்கக் கூடாது. கொற்கை மண்ணுக்குள் கிடக்கும் சங்குகள் சொல்லும் பாடம் இதுவே.