காலணி தைத்த கை

வங்காள மொழியின் உரைநடை வரலாற்றை எழுதப் புகுவோர் ஒருவருடைய பெயரைக் கூறாமல் மேலே செல்ல இயலாது. அவர் வங்காளியல்லர், ஆங்கிலேயர். பண்டிதர் குடியில் பிறந்தவரும் அல்லர், செருப்புத் தைத்துப் பிழைத்தவர். அவரே வில்லியம் கேரி. பாப்டிஸ்டு திருச்சபையின் போதகராக நம் நாட்டுக்கு வந்து, நாற்பது ஆண்டுகள் உழைத்து, இம்மண்ணிலேயே அடக்கமானவர்.

நம் பள்ளி மலரில் வேறு சபைப் பெரியவர் ஒருவரின் வரலாறு எதற்கு என்று தோழியர் சிலர் நினைக்கக்கூடும். நம்மிடமிருந்து பிரிந்து வாழும் கிறிஸ்தவர்களைச் சகோதரர்களாக மதிக்கவும், அவர்களிடம் உள்ள நன்மைகளை மகிழ்ந்து ஏற்கவும் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-ஆம் ஆண்டிலேயே நமக்குக் கற்பித்தது. மேலும், இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவரைத் தமிழர் போற்றுவது போலவே இங்கிலாந்தில் பிறந்த கேரியை வங்காளிகள் போற்றுகின்றனர். ஆகவே அவருடைய வாழ்வைச் சிறிது பார்ப்போம்.

இளமை

இங்கிலாந்தின் நார்த்தாம்ப்டன் பகுதியில் பாலர்ஸ்பரி என்னும் சிற்றூரில் 1761 ஆகஸ்டு 17-ஆம் நாள் கேரி பிறந்தார். தந்தை நெசவாளி, பின்னர் ஊர்ப் பள்ளியின் ஆசிரியரானார். சிறுவனுக்குத் தோலில் ஒரு நோய் இருந்தது. வெயில் பட்டால் தாங்காது. எனவே வயல் வேலைக்குப் போக முடியாமல், காலணி செய்பவர் ஒருவரிடம் தொழில் பழக அனுப்பப்பட்டார்.

அங்கே கை தோலைத் தைத்தது; கண் புத்தகத்தைத் தேடியது. இலத்தீன், கிரேக்கம், எபிரேயம் என ஒவ்வொரு மொழியாகத் தாமே முயன்று கற்றார். கல்லூரிப் படிப்பு அவருக்குக் கிடைக்கவே இல்லை. பிறரிடம் இரவல் வாங்கிய நூல்களும், வேலை போக மிஞ்சிய நேரமுமே அவருடைய கல்லூரி.

1781-இல் டாரதி பிளாக்கெட் என்ற பெண்ணை மணந்தார். திருமணப் பதிவேட்டில் டாரதி கையெழுத்திடவில்லை. எழுதத் தெரியாததால் ஒரு சிலுவைக் குறி மட்டும் போட்டார். இதைத் தோழியர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

பாப்டிஸ்டு சபையின் கொள்கை

கேரி பிறந்தது ஆங்கிலிக்கன் குடும்பத்தில். குழந்தையாக இருந்தபோதே திருமுழுக்குப் பெற்றவர். வளர்ந்தபின் பாப்டிஸ்டு சபையாரின் போதனை அவர் மனத்தைக் கவர்ந்தது. 1783 அக்டோபரில் நீன் ஆற்றில் இறங்கி மீண்டும் திருமுழுக்குப் பெற்றார்.

இச்சபை 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயரிடையே தோன்றியது. நாம் குழந்தைகளுக்குத் திருமுழுக்கு அளிக்கிறோம். பெற்றோரும் ஞானப்பெற்றோரும் குழந்தையின் சார்பில் விசுவாசத்தை அறிக்கையிடுகின்றனர். பாப்டிஸ்டுகள் அவ்வாறு செய்வதில்லை. ஒருவர் விவரம் அறிந்து, தம் வாயால் தம் விசுவாசத்தை அறிக்கையிட்ட பிறகே திருமுழுக்குப் பெற வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. தண்ணீரில் முழுவதும் மூழ்கி எழுவது அவர்களது முறை. அவர்களுக்குப் பாப்பரசரோ ஆயரோ இல்லை. ஒவ்வோர் ஊர்ச் சபையும் தன் போதகரைத் தானே தேர்ந்துகொள்கிறது. நம் திருச்சபை இவற்றில் வேறு போதனை உடையது. எனினும் இக்கொள்கையை அறியாமல் கேரியின் உழைப்பைப் புரிந்துகொள்ள முடியாது. ஒவ்வொருவரும் தாமே உணர்ந்து விசுவசிக்க வேண்டுமானால், வேதம் ஒவ்வொருவருடைய தாய்மொழியிலும் இருக்க வேண்டும் அல்லவா?

மோல்ட்டன் என்னும் ஊரில் ஒரு சிறிய பாப்டிஸ்டு சபைக்குக் கேரி போதகரானார். சம்பளம் போதவில்லை. பள்ளி நடத்தினார்; செருப்பும் தைத்தார். கேப்டன் குக்கின் கடற்பயண நூலைப் படித்தபின் உலகப் படம் ஒன்றைத் தாமே தயாரித்துச் சுவரில் ஒட்டி, ஒவ்வொரு நாட்டின் மக்கள் தொகையையும் சமயத்தையும் அதில் குறித்து வைத்தார். 1789-இல் லெஸ்டர் நகரச் சபைக்குச் சென்றார். அங்கே உறுப்பினரிடையே பூசலும் ஒழுங்கின்மையும் மலிந்திருந்தன. கேரி அச்சபையையே கலைத்துவிட்டு, நெறிப்படி வாழ உடன்படிக்கை செய்தவர்களை மட்டும் சேர்த்துப் புதிதாக அமைத்தார்.

1792-இல் பிற நாடுகளுக்கு நற்செய்தியைக் கொண்டு செல்வது கிறிஸ்தவர்களின் கடமை என்று வற்புறுத்தி ஒரு நூல் எழுதினார். அவ்வாண்டு அக்டோபர் 2-ஆம் நாள் கெட்டரிங் நகரில் ஒரு விதவையின் வீட்டில் சில போதகர்கள் கூடிச் சங்கம் ஒன்றைத் தொடங்கினர். யாரும் செல்வர் அல்லர். ஒரு மூக்குப்பொடி டப்பியில் அவர்கள் எழுதிப் போட்ட நன்கொடைச் சீட்டுகளைக் கூட்டிப் பார்த்தால் 13 பவுன் 2 ஷில்லிங் 6 பென்ஸ் தேறியது.

இந்திய வருகை

இந்தியாவுக்குச் செல்லக் கேரி முன்வந்தார். டாரதி மறுத்தார். அப்போது அவர் கருவுற்றிருந்தார். பிறந்து இறந்த பெண் குழந்தைகளின் துயரமும் அவருக்கு இருந்தது. கேரி மூத்த மகனை மட்டும் அழைத்துக்கொண்டு புறப்பட்டார். பயணம் தடைப்பட்டுத் தாமதமானது. அதற்குள் டாரதிக்கு ஆண் குழந்தை பிறந்தது. கேரியும் உடன் வந்த டாக்டர் தாமசும் திரும்பி வந்து மீண்டும் வேண்டினர். போகாவிட்டால் குடும்பம் பிரிந்துவிடும், வாழ்நாளெல்லாம் வருந்த நேரிடும் என்று தாமஸ் அழுத்திச் சொன்னார். தங்கையும் துணைக்கு வந்தால் வருவதாக டாரதி இசைந்தார். கைக்குழந்தையோடு, 1793 ஜூன் 13-ஆம் நாள் டென்மார்க் நாட்டுக் கப்பல் ஒன்றில் ஏறினர். நவம்பர் 11-ஆம் நாள் கல்கத்தாவை அடைந்தனர்.

கிழக்கிந்தியக் கம்பெனி தன் ஆட்சிப் பகுதியில் போதகர்களை விரும்பவில்லை. கையில் பணமும் இல்லை. சிறிது காலம் சுந்தரவனக் காட்டுப்பக்கம் தங்கினர். பின்னர் மதன்பட்டி என்ற ஊரில் அவுரித் தொழிற்சாலை ஒன்றைக் கவனிக்கும் வேலை கேரிக்குக் கிடைத்தது. அங்கே 1794-இல் ஐந்து வயது மகன் பீட்டர் வயிற்றுக்கடுப்பால் இறந்தான். சாதிக் கட்டுப்பாட்டுக்கு அஞ்சி, குழி தோண்டவும் உடலைச் சுமக்கவும் ஆட்கள் முன்வரவில்லை. அத்துயரத்துக்குப் பின் டாரதியின் மனநிலை குலைந்தது. மீண்டும் தேறவே இல்லை. அடுத்த அறையில் மனைவி கூக்குரலிட, இந்த அறையில் கேரி ராம்ராம் பாசு என்னும் முன்ஷியிடம் வங்காளம் கற்று, புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்து வந்தார். ஏழு ஆண்டுகளில் வங்காளி ஒருவர்கூட அவரது சபையில் சேரவில்லை.

செராம்பூர்

1800 ஜனவரியில் கேரி செராம்பூருக்குக் குடிபெயர்ந்தார். அது அப்போது டென்மார்க் மன்னரின் ஆட்சியில் இருந்தது. நம் தரங்கம்பாடியும் அதே மன்னரின் ஆட்சியில்தான் இருந்தது. 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டுத் தந்ததும் அவ்வாட்சியின் நிழலில்தான். கம்பெனியின் கை நீளாத இடமாதலால் கேரிக்குச் செராம்பூர் புகலிடமாயிற்று.

அங்கே ஆசிரியர் ஜோஷுவா மார்ஷ்மனும் அவர் மனைவி ஹன்னாவும், அச்சுத் தொழில் அறிந்த வில்லியம் வார்டும் கேரியோடு சேர்ந்தனர். எல்லாரும் ஒரே வீட்டில் வாழ்ந்து, ஒரே பந்தியில் உண்டு, சம்பாதித்ததைப் பொதுப் பணப்பெட்டியில் போட்டனர். 1801-இல் கல்கத்தா வில்லியம் கோட்டைக் கல்லூரியில் கேரிக்கு ஆசிரியப் பணி கிடைத்தது. மாதம் 500 ரூபாய் சம்பளம். அதுவும் பொதுப் பெட்டிக்கே சென்றது. நம் அருட்சகோதரிகளின் மடங்களில் காணும் பொது வாழ்வை இது நமக்கு நினைவூட்டுகிறது.

1800 டிசம்பர் 28-ஆம் நாள் கிருஷ்ண பால் என்ற தச்சர், கேரியின் மகன் பெலிக்சுடன் ஹூக்ளி ஆற்றில் திருமுழுக்குப் பெற்றார். முன்பு அவருடைய தோள்மூட்டு விலகியபோது டாக்டர் தாமஸ் அதைச் சரிசெய்திருந்தார். அன்று கரையில் மக்கள் கூடியிருந்தனர். ஏழாண்டுக் காத்திருப்பு முடிந்தது. ஆனால் மகிழ்ச்சி மிகுதியால் தாமஸ் புத்தி பேதலித்துப் படுத்திருந்தார். பூட்டிய அறைக்குள் டாரதி கதறிக்கொண்டிருந்தார். கேரியின் வாழ்வில் பெருமையும் வேதனையும் இவ்வாறு ஒரே நாளில் கலந்து நின்றன.

அடுத்த ஆண்டிலேயே வங்காளப் புதிய ஏற்பாடு வெளிவந்தது. அதற்கு வேண்டிய எழுத்துகளை வெட்டித் தந்தவர் பஞ்சானன் கர்மகார் என்ற வங்காளக் கைவினைஞர். பண்டிதர்கள் பலர் மொழிபெயர்ப்பில் உதவினர். காலப்போக்கில் வங்காளம், சமஸ்கிருதம், இந்தி, மராத்தி, ஒரியா, அசாமி ஆகிய 6 மொழிகளில் விவிலியம் முழுவதும், வேறு இருபதுக்கு மேற்பட்ட மொழிகளில் அதன் பகுதிகளும் செராம்பூரில் அச்சாயின. அவற்றில் குறைகள் இருந்ததால் பிற்காலத்தார் திருத்தி எழுதினர். ஆனால் முதலில் பாதை வெட்டியவர் அவரே. 1809 ஜனவரி முதல் நாள் கல்கத்தா லால் பஜாரில் ஒரு பாப்டிஸ்டு ஆலயமும் திறக்கப்பட்டது. அச்சபை இன்றும் கேரியின் பெயரில் விளங்குகிறது.

நெருப்பு

1812 மார்ச் 11-ஆம் நாள் மாலை செராம்பூர் அச்சுக்கூடம் தீப்பற்றியது. கேரி அப்போது கல்கத்தாவில் இருந்தார். கட்டுக்கட்டாகக் காகிதமும், பல மொழிகளின் அச்செழுத்துகளும் அழிந்தன. அவர் பல ஆண்டுகளாகத் தொகுத்துவந்த பன்மொழி அகராதியின் கையெழுத்துப் படியும், இலக்கண நூல்களும் சாம்பலாயின. ஆண்டுத் தேர்வுக்கு முந்திய நாள் குறிப்பேடு தொலைந்தாலே நாம் அழுதுவிடுவோம். கேரி சாம்பல் மேட்டைப் பார்த்துவிட்டு மீண்டும் எழுதத் தொடங்கினார். எழுத்து வார்க்க உதவும் எஃகு அச்சுகள் இடிபாட்டுக்குள் பழுதின்றிக் கிடைத்தன. உருகிய உலோகத்தைத் திரட்டி மறுபடியும் எழுத்து வார்த்தனர். சில வாரங்களில் அச்சு வேலை நடக்கத் தொடங்கியது.

கல்வியும் சமூகத் தொண்டும்

உடன்கட்டை ஏறும் கொடுமையை 1799-இல் கேரி நேரில் கண்டார். தடுக்க முயன்றும் பயனில்லை. அன்றிலிருந்து அதை ஒழிக்க வேண்டும் என்று அரசினரிடம் விடாமல் கேட்டு வந்தார். ராஜாராம் மோகன் ராயின் பெரும் போராட்டத்தாலும் இத்தகையோர் முயற்சியாலும் 1829 டிசம்பர் 4-ஆம் நாள் பெண்டிங்க் பிரபு தடைச்சட்டம் பிறப்பித்தார். வங்காளத்தில் மொழிபெயர்க்க அது கேரியிடம் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு ஆராதனையை ஒருபோதும் விடாதவர், அன்று பிரசங்கத்தை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு எழுத உட்கார்ந்தார். ஒரு நாள் தாமதித்தாலும் எங்கோ ஒரு பெண் சிதையில் ஏற்றப்படலாம் என்பதே அவர் அச்சம். மாலைக்குள் வேலை முடிந்தது.

1818-இல் செராம்பூர்க் கல்லூரி தொடங்கியது. 1827-இல் டென்மார்க் மன்னர் அதற்குப் பட்டம் வழங்கும் உரிமை அளித்தார். இன்றும் தமிழ்நாட்டு இறையியல் கல்லூரிகள் சிலவற்றில் பயில்வோர் செராம்பூரின் பட்டத்தையே பெறுகின்றனர். ஹன்னா மார்ஷ்மன் பெண்களுக்குப் பள்ளிகள் நடத்தினார். தாயின் கவனிப்பில்லாத கேரியின் பிள்ளைகளைத் திருத்தி வளர்த்தவரும் அவரே. கேரி செடிகொடிகளிலும் ஈடுபாடு உடையவர். 1820-இல் வேளாண் தோட்டக்கலைச் சங்கம் ஒன்றை நிறுவினார். கேரியா என்று அவர் பெயர் சூட்டப்பெற்ற மரம் நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலும் வளர்கிறது.

உயர்ந்த நிலைக்கு வந்தபின் ஒரு விருந்தில், இவர் முன்பு காலணி செய்பவர்தானே என்று அதிகாரி ஒருவர் ஏளனமாகக் கேட்டாராம். அதுகூட இல்லை, பழைய செருப்பைப் பழுது பார்ப்பவன்தான் என்று கேரி அமைதியாகத் திருத்தினார் என்று சொல்வார்கள். 1834 ஜூன் 9-ஆம் நாள் செராம்பூரில் அவர் உயிர் நீத்தார்.

நாம் கற்பது

டாரதி 1807-ஆம் ஆண்டு டிசம்பரில் காலமானார். கேரியின் புகழை எழுதுவோர் அவரைப் பற்றி ஓரிரு வரியோடு நிறுத்திவிடுவதுண்டு. அவ்வாறு நிறுத்த எங்களுக்கு மனம் வரவில்லை. ஒவ்வொருவரும் தம் மனமறிந்து, தம் வாயால் இசைய வேண்டும் என்பது கேரியின் சபைக் கொள்கை. ஆனால் டாரதி முதலில் சொன்னது மறுப்பு. பிறகு சொன்ன இசைவு அச்சத்தால் வந்தது. எத்தனையோ மொழிகளில் எழுத்துகளை வார்த்த அந்த வீட்டில், திருமண நாளில் தன் பெயரை எழுதத் தெரியாதிருந்த ஒருத்தியின் துயரத்தைக் கேட்பாரில்லை. கேரி அவரைக் கைவிடவில்லை, பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் வீட்டிலேயே வைத்துக் காத்தார் என்பதும் உண்மை. பெரியோரின் அருஞ்செயலுக்கு விலை உண்டு. அந்த விலையை அவர்கள் மட்டுமே கொடுப்பதில்லை.

கேரி தம்மைப் பேரறிஞர் என்று எண்ணியதில்லை. தொடங்கியதை விடாமல் நடத்துவது ஒன்றே தம் திறமை என்று கருதினார். கணக்கு வரவில்லை, ஆங்கிலம் வரவில்லை என்று சோர்ந்து போகும் நமக்கு அந்த விடாமுயற்சி நல்ல பாடம். எழுதவும் படிக்கவும் நமக்குக் கிடைத்த வாய்ப்பு டாரதிக்குக் கிடைக்கவில்லை. அதைப் பேணுவோம்; வீட்டில் வாய் திறவாது உழைக்கும் ஒருவரின் சொல்லையும் செவி கொடுத்துக் கேட்போம்.