நார்பர்ட் வீனர்

இயந்திரமும் கம்ப்யூட்டரும் துணைநின்று, கைகால் வசமற்ற குழந்தைகளை இக்காலத்தில் பயிற்றி வருகின்றன. அப்பயிற்சிக்கு அடிப்படையான கருத்தைத் தெளிவாக எடுத்துரைத்த கணிதப் பேராசிரியர் நார்பர்ட் வீனரின் சரிதத்தை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

அவர் 1894-ம் வருஷம் அமெரிக்க தேசத்து மிஸ்ஸௌரி மாகாணத்திலே கொலம்பியா நகரில் பிறந்தார். தந்தையார் லியோ வீனர், ஹார்வர்டு சர்வகலாசாலையில் ஸ்லாவிய பாஷைகளின் ஆசிரியர். மகனுக்குத் தாமே குருவாகிக் கடுமையாகப் பயிற்றினார். எட்டாம் பிராயத்தில் கண்பார்வை குன்றவே, ஆறு மாதம் புத்தகம் வாசிக்கலாகாதென வைத்தியர் விதித்தார். பாலகனோ பாடங்களைச் செவியாற் கேட்டு, கணக்குகளை மனத்திலேயே போட்டுப் பழகினான். 18-ம் பிராயத்தில் டாக்டர் பட்டம் பெற்றும், கைவேலையில் அவருக்குத் தடுமாற்றம் நீங்கவில்லை. 1919 முதல் மாஸச்சூஸட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் போதித்தார்.

இரண்டாம் உலக யுத்தத்தில், பறக்கும் விமானம் அடுத்த கணத்தில் எங்கிருக்குமென்று கணித்துப் பீரங்கியைத் திருப்பும் கருவியை பிகிலோ என்பாருடன் ஆராய்ந்தார். குறி தப்பியதை இயந்திரம் உடனே அறிந்து தன்னைத் திருத்திக்கொள்ளல் வேண்டும். அத்திருத்தம் அளவு கடப்பின் இருபுறமும் ஊசலாடும். மானிட உடலிலும் இத்தகைய கோளாறு உண்டோவென்று உடலியல் வல்லுநர் ரோஸன்ப்ளூத்தை வினவினர். சிறுமூளை பழுதுற்றோர் ஒரு பொருளை எடுக்கக் கைநீட்டினால் அக்கை அவ்வாறே ஊசலாடும் என்று விடை வந்தது. 1943-ல் மூவரும் இதனைக் கட்டுரையாக வெளியிட்டனர். கொலைக்கருவியை நாடிய ஆராய்ச்சி நோயாளியின் நடுங்கும் கையில் வந்து நின்றது!

யுத்தம் முடிந்தபின், ஏவுகணைத் தொழிலுக்குத் தம் ஆராய்ச்சியைத் தர மறுத்து அவர் எழுதிய கடிதம் 1947-ல் வெளியாயிற்று. அவ்வுறுதியை அவருடைய கணிதத்தினும் மேலாக யாம் மதிக்கிறோம். 1948-ல் சைபர்னெடிக்ஸ் என்னும் நூல் வெளிவந்தது.

1961-ல் தவறி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியிற் கிடந்தபோதும் அவர் சும்மா இருந்தாரில்லை. கையிழந்தோரின் எஞ்சிய தசையில் எழும் மின்சாரத்தைக் கொண்டே செயற்கைக் கையை இயக்கலாமென்று வைத்தியரிடம் எடுத்துரைத்தார். பாஸ்டன் கை எனப்படும் அக்கருவி 1968-ல் வெளிவந்தது. அவரோ 1964-ம் வருஷம் மார்ச்சு 18-ந் தேதி ஸ்டாக்ஹோம் நகரில் காலமாகிவிட்டார்.

அவர் போதித்த கழகத்திலேயே, பாரிச வாயுவால் கை விழுந்தோரைப் பயிற்றும் ரோபோ ஒன்று 1990-களில் உருவாயிற்று. பின்னர் மூளைவாதமுற்ற குழந்தைகளும் அவ்வகைக் கருவியிற் பயின்றனர். குழந்தை பிடியைப் பற்றி நகர்த்த, கம்ப்யூட்டர் திரையில் ஒரு புள்ளி நகர்கின்றது. கை தானே செல்லுமளவும் இயந்திரம் விலகி நிற்கின்றது. தயங்குமிடத்தில் மாத்திரம் மெல்லத் தாங்கிச் செல்கின்றது.