காலிக் கட்டம் விட்ட மனுஷன்

கெமிஸ்ட்ரி லேபுக்குள் நுழைந்ததும் சுவரில் தொங்கும் அந்தப் பெரிய சார்ட்டைப் பார்க்காதவர் நம்மில் யாரும் இருக்க முடியாது. ஹைட்ரஜனில் தொடங்கி 118 வரை கட்டம் கட்டமாகத் தனிமங்கள். முதல் இருபதை வரிசை மாறாமல் ஒப்பித்தால் வைவாவில் தப்பிச்சிடலாம் என்பது சீனியர்கள் நமக்குக் கொடுக்கும் அருளுரை! அந்தக் கட்டங்களைப் போட்டது யார் என்று கேட்டால் மெண்டலீவ், ரஷ்யா, 1869 என்று மூன்றே வார்த்தையில் முடித்துவிடுவோம். ஆனால் நண்பர்களே, அந்த மூன்று வார்த்தைக்குள் ஒரு பெரிய வாழ்க்கை இருக்கிறது.

திமித்ரி இவானோவிச் மெண்டலீவ் 1834 பிப்ரவரி 8-ந் தேதி சைபீரியாவில் தொபோல்ஸ்க் என்ற ஊரில் பிறந்தார். ஒரு டஜனுக்கும் மேல் பிள்ளைகள் பிறந்த வீட்டில் கடைக்குட்டி. அப்பா பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியர். இவர் பிறந்த வருஷமே அப்பாவுக்குக் கண் பார்வை போய்விட்டது, வேலையும் போனது. அம்மா மரியா என்ன செய்தார் தெரியுமா? பக்கத்துக் கிராமத்தில் மூடிக்கிடந்த தன் பிறந்த வீட்டுக் கண்ணாடித் தொழிற்சாலையைத் திறந்து, தானே நின்று நடத்தினார். மணலும் சாம்பலும் உலையில் உருகிக் கண்ணாடியாக மாறுவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை, பின்னாளில் கெமிஸ்ட்ரி படித்ததில் ஆச்சரியம் என்ன?

1847-ல் அப்பா இறந்தார். அடுத்த வருஷமே தொழிற்சாலை தீயில் எரிந்துபோனது. வேறு யாராக இருந்தாலும் பையனை ஏதாவது ஒரு வேலைக்கு அனுப்பியிருப்பார்கள். அந்த அம்மா இருந்ததை மூட்டை கட்டிக்கொண்டு, பையனையும் ஒரு மகளையும் கூட்டிக்கொண்டு மாஸ்கோவுக்குக் கிளம்பினார். இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல், ரயில் இல்லாத பாதை. மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் சீட் இல்லை என்று கைவிரித்துவிட்டார்கள். சைபீரியப் பையன் வேறு கல்வி மண்டலமாம்! அட்மிஷன் விதிமுறை என்பது எந்த ஊரிலும் எந்தக் காலத்திலும் ஒரே மாதிரிதான் போலிருக்கிறது. அம்மா விடவில்லை. அங்கிருந்து பீட்டர்ஸ்பர்க். அங்கே கணவர் படித்த ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில் 1850-ல் இடம் வாங்கிக் கொடுத்தார். அந்த வருஷமே கண்ணை மூடினார். முப்பத்தேழு வருஷம் கழித்து, 1887-ல் வெளிவந்த கரைசல்கள் பற்றிய தன் ஆராய்ச்சி நூலை மெண்டலீவ் அம்மாவுக்குத்தான் காணிக்கையாக்கினார்.

படிக்கும்போதே உடம்புக்கு முடியாமல் படுத்தவர்தான். காசநோய், பிழைக்க மாட்டார் என்றார்கள் டாக்டர்கள். ஆனாலும் 1855-ல் தங்கப் பதக்கத்தோடு வெளியே வந்தார். 1859-ல் மேற்படிப்புக்காக ஜெர்மனியின் ஹைடல்பெர்க் போனார். அங்கிருந்தபடியே 1860-ல் கார்ல்ஸ்ரூவில் நடந்த வேதியியலாளர் மாநாட்டில் கலந்துகொண்டதுதான் திருப்புமுனை.

அப்போது இருந்த குழப்பத்தைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்லணும். தராசில் நிறுத்தால் கிடைப்பது சமான எடைதான். ஈக்விவலன்ட் வெயிட் என்று நாம் லேபில் மல்லுக்கட்டுகிறோமே, அதேதான். அதை இணைதிறனால் பெருக்கினால்தான் அணு எடை வரும். இணைதிறன் எவ்வளவு என்பதில் ஆளுக்கொரு கணக்கு. அதனால் ஒரே தனிமத்துக்கு ஊருக்கொரு அணு எடை! இத்தாலிக்காரர் கானிஸாரோ அந்த மாநாட்டில் ஒரே சீரான அணு எடைகளை எடுக்கும் வழியைச் சொன்னார். மெண்டலீவ் அதை அப்படியே மனதில் வாங்கிக்கொண்டார்.

1867-ல் பீட்டர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். மாணவர்களுக்குக் கொடுக்கச் சரியான பாடப்புத்தகம் இல்லை, நாமே எழுதுவோம் என்று உட்கார்ந்தார். தெரிந்த தனிமங்களோ 63. எதை முதலில் சொல்வது, எதைப் பின்னால் சொல்வது? இந்தச் சாதாரண வாத்தியார் பிரச்சினையில்தான் நம்ம சார்ட் பிறந்தது. அணு எடைப்படி வரிசையாக அடுக்கினால் ஒரு குறிப்பிட்ட இடைவெளிக்குப் பிறகு அதே குணம் திரும்பி வருகிறது. லித்தியம் போலவே சோடியம், சோடியம் போலவே பொட்டாசியம். 1869 மார்ச் 1-ந் தேதி பாலாடைக்கட்டிப் பண்ணைகளைப் பார்வையிடுவது பற்றி வந்திருந்த ஒரு கடிதத்தின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார். அந்தக் காகிதம் பத்திரப்படுத்தப்பட்டது. கனவில் வந்தது என்றொரு கதை ஊரெல்லாம் உண்டு. பல வருஷம் மண்டையை உடைத்துக்கொண்ட விஷயத்தை ஒரு ராத்திரித் தூக்கத்தில் தள்ளிவிடுவது எனக்கு அவ்வளவாக ஒப்பவில்லை.

அட்டவணை போட முயன்றவர் அவர் ஒருத்தர் மட்டும் கிடையாது. இங்கிலாந்தில் நியூலண்ட்ஸ், ஜெர்மனியில் லோதர் மேயர் என்று நல்ல போட்டி இருந்தது. மெண்டலீவின் தைரியம்தான் தனி. பெரிலியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சமான எடை சுமார் 4.7. இணைதிறன் 3 என்று நினைத்து அணு எடை 14 என்றார்கள். 12-ல் கார்பன், 14-ல் நைட்ரஜன் ஏற்கெனவே உட்கார்ந்திருக்க, இதற்கு ஏது இடம்? இணைதிறன் 2 என்று வையுங்கள், 9.4 வரும், லித்தியத்துக்கும் போரானுக்கும் நடுவே கச்சிதமாக உட்காரும் என்றார் மெண்டலீவ். அதுவே சரியானது. யுரேனியத்தின் 120-ஐ 240 ஆக்கியதும் இதே துணிச்சலில்தான்.

பொருந்தாத இடத்தில் கட்டத்தைக் காலியாக விட்டார். சும்மா விடவில்லை. 1871-ல் மூன்று காலி இடங்களுக்கு எகா-போரான், எகா-அலுமினியம், எகா-சிலிக்கான் என்று பெயர் வைத்து, அணு எடை, அடர்த்தி எல்லாம் முன்கூட்டியே எழுதிவைத்தார். எகா என்பது ஒன்று என்று பொருள்படும் வடமொழிச் சொல். நாம் ஏகம் என்கிறோமே, அதன் உறவுதான்.

1875-ல் பிரான்சில் லெகோக் என்பவர் காலியம் என்ற புது உலோகத்தைக் கண்டுபிடித்தார். இது என் எகா-அலுமினியம் என்றார் மெண்டலீவ். அடர்த்தி 4.7 என்று லெகோக் அளந்திருந்தார். அது 5.9-க்குக் குறையாதே, சுத்தப்படுத்தி மறுபடி அளந்து பாருங்கள் என்று ரஷ்யாவில் இருந்தபடி சொன்னார் இவர். கண்ணால் காலியத்தைப் பார்த்ததே இல்லை! லெகோக் மறுபடி அளந்தார்: 5.9. 1879-ல் ஸ்காண்டியம், 1886-ல் ஜெர்மானியம் வந்து மற்ற இரண்டு கட்டங்களும் நிரம்பின. எகா-சிலிக்கானுக்கு அவர் எழுதிவைத்த அணு எடை 72. ஜெர்மானியத்துக்கு இன்று நாம் போடுவது 72.6.

எல்லாம் பலிக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். டெல்லூரியம், அயோடினைவிட எடை அதிகம். இருந்தும் குணத்தைப் பார்த்து டெல்லூரியத்தை முன்னால் வைத்தார். இடம் சரி. ஆனால் அணு எடையைத் தப்பாக அளந்திருக்கிறார்கள் என்று அவர் சொன்ன காரணம் சரியில்லை. வரிசையைத் தீர்மானிப்பது அணு எண்தான் என்று 1913-ல் மோஸ்லி காட்டிய பிறகே அந்த முடிச்சு அவிழ்ந்தது. 1894-ல் ஆர்கான் வந்தபோது, மூன்று நைட்ரஜன் அணு சேர்ந்ததாக இருக்கும் என்று சந்தேகப்பட்டார். பிறகு ஏற்றுக்கொண்டு, மந்த வாயுக்களுக்குத் தனி வரிசையே ஒதுக்கினார். எலக்ட்ரான் விஷயத்தில் மட்டும் கடைசிவரை மனம் இறங்கவில்லை.

ஆளும் ஒரு மாதிரிதான். தலைமுடி வெட்டுவது வருஷத்துக்கு ஒரு தடவை. 1887-ல் சூரிய கிரகணம் பார்க்க பலூனில் ஏறப்போனார். மழையில் நனைந்த பலூன் இரண்டு பேரைத் தூக்காது என்றதும் ஓட்டுநரை இறக்கிவிட்டுத் தனியாகவே கிளம்பிவிட்டார், பத்திரமாகவும் இறங்கினார். வோட்காவுக்கு 40 சதவீதம் என்று நிர்ணயித்தவர் இவர்தான் என்பது வெறும் கட்டுக்கதை. அந்த அளவு இவருடைய சின்ன வயசிலேயே புழக்கத்துக்கு வந்துவிட்டது.

மாணவர் சங்க மலரில் கட்டாயம் எழுத வேண்டியது 1890-ல் நடந்தது. பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் கொதித்துப்போய் இருந்தார்கள். அமைதியாக இருங்கள், மனுவை நானே அமைச்சரிடம் சேர்க்கிறேன் என்று வாங்கிக்கொண்டு போனார் மெண்டலீவ். இப்படிப்பட்ட மனுவை வாங்க அரசு ஊழியருக்கு உரிமை கிடையாது என்று கல்வி அமைச்சர் திருப்பி அனுப்பிவிட்டார். உலகம் அறிந்த பேராசிரியர், வயது 56. பதவியை ராஜினாமா செய்துவிட்டு வந்துவிட்டார். மனுவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நான் என்ன பண்றது என்று சொல்லியிருந்தால் யார் கேட்டிருக்கப் போகிறார்கள்?

சும்மா இருக்கவும் இல்லை. 1893-ல் எடை அளவைத் தலைமை நிலையத்தின் பொறுப்பை ஏற்று, ரஷ்யாவின் எடைக்கல், அளவுகோல் எல்லாவற்றுக்கும் துல்லியமான மூலப்படிகளை உருவாக்கினார். 1899-ல் வந்த சட்டம், விரும்பியவர்கள் மெட்ரிக் முறையைப் பயன்படுத்தலாம் என்று அனுமதித்தது. அதற்கும் பின்னால் இவர்தான்.

1906-ல் நோபல் பரிசுக் குழு இவர் பெயரைப் பரிந்துரைத்தும் அகாடமி அதை மாற்றி மொய்ஸானுக்குக் கொடுத்தது. 1907 பிப்ரவரி 2-ந் தேதி மெண்டலீவ் காலமானார். 1955-ல் அமெரிக்காவின் பெர்க்லியில் 101-வது தனிமத்தை உண்டாக்கியவர்கள், பனிப்போர் உச்சத்தில் இருந்த நேரத்திலும், இந்த ரஷ்யரின் பெயரைத்தான் அதற்கு வைத்தார்கள்.

பீட்டர்ஸ்பர்க்கில் நடந்த இறுதி ஊர்வலத்தில் மாணவர்கள் முன்னால் நடந்தார்கள். அவர்கள் கையில் ஒரு பெரிய பீரியாடிக் டேபிள் இருந்தது.