காட்டிலிருந்து வீடு திரும்பிய வாலஸ்

பரிணாமக் கோட்பாடு என்றதும் நம் நினைவுக்கு வருபவர் சார்ல்ஸ் டார்வின். ஆனால் டார்வின் கண்டதையே தனியாகக் கண்டறிந்த இன்னொருவர் இருந்தார். ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் என்பது அவர் பெயர். நம் புக்கிட் தீமா காட்டில் வண்டு பிடித்தவர். மலாக்காவில் காய்ச்சலில் கிடந்து, தேறியதும் குனோங் லேடாங் மலை ஏறியவர். டைரி ஃபார்ம் இயற்கைப் பூங்காவில் அவர் பெயரில் ஒரு நடைபாதை இருக்கிறது. மாணவர்களை அங்கே அழைத்துச் செல்லும்போதெல்லாம் அவருடைய காட்டுப் பயணங்களைத்தான் சொல்வேன். அவர்களுக்கு அதுதான் பிடிக்கும். எனக்கு அதைவிடப் பிடித்தது, அவர் ஊர் திரும்பி, மணம் முடித்து, மூன்று பிள்ளைகளுக்கு அப்பாவான பிறகு பட்ட பாடு. இன்று இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

வாலஸ் 1823ஆம் ஆண்டு ஜனவரி 8ஆம் தேதி வேல்ஸ் நாட்டின் அஸ்க் என்னும் சிற்றூருக்கு அருகில் பிறந்தார். தந்தை தவறான முதலீடுகளில் கைப்பணத்தை இழந்தவர். அதனால் 14 வயது நிறையும் முன்பே வாலசின் பள்ளிப் படிப்பு நின்றது. பல்கலைக்கழக வாசலை அவர் மிதிக்கவே இல்லை. அண்ணன் வில்லியமுடன் சேர்ந்து சங்கிலியைத் தோளில் போட்டுக்கொண்டு நிலம் அளக்கப் போனார். வயல்வெளியிலும் குன்றுகளிலும் நடந்த அந்த ஆண்டுகளில்தான் செடிகொடிகள்மீது ஆசை வந்தது. பின்னர் லெஸ்டர் நகரில் ஆசிரியராக இருந்தபோது ஹென்றி பேட்ஸ் என்ற நண்பர் வண்டு சேகரிக்கும் பழக்கத்தைத் தொற்ற வைத்தார்.

1848இல் இருவரும் அமேசான் காட்டுக்குக் கப்பல் ஏறினார்கள். கையில் பெரிய பணமில்லை. பிடித்த பூச்சிகளையும் பறவைகளையும் லண்டனில் ஒரு முகவர் விற்றுக்கொடுப்பார். அந்த வருமானத்தில்தான் அடுத்த மாதச் சோறு. துணைக்கு வந்த தம்பி ஹெர்பர்ட் 1851இல் மஞ்சள் காய்ச்சலில் இறந்துபோனார். அவருக்கு வயது 22தான். மறு ஆண்டு வாலஸ் நாடு திரும்பியபோது நடுக்கடலில் கப்பல் தீப்பற்றியது. கடைசி ஆண்டுகளில் சேர்த்த உயிரின மாதிரிகள், நாட்குறிப்புகள் எல்லாம் கண்முன்னே எரிந்தன. ஒரு தகரப் பெட்டியில் சில ஓவியங்களை மட்டும் எடுத்துக்கொண்டு படகில் குதித்தவர், பத்து நாள் கடலில் மிதந்த பிறகு இன்னொரு கப்பலால் காப்பாற்றப்பட்டார். இனிக் கடல் பயணமே வேண்டாம் என்று முடிவு செய்தார். அந்த முடிவு இரண்டு ஆண்டுகூட நீடிக்கவில்லை!

1854 ஏப்ரலில் அவர் சிங்கப்பூர் வந்து இறங்கினார். புக்கிட் தீமாவில் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் வீட்டில் தங்கினார். அப்போது அங்கே புலி நடமாட்டம் உண்டு. புலியைப் பிடிக்கத் தோண்டி, மேலே இலைதழை பரப்பி மறைத்த ஆழமான குழிகளும் உண்டு. காட்டில் நடக்கும்போது புலியைவிடக் குழிக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டியிருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றும். ஏறக்குறைய இரண்டு மாதங்களில் சுமார் 700 வகை வண்டுகளைச் சேகரித்தார். அவற்றில் பெரும்பாலானவை ஒரு சதுர மைலுக்கு மேற்படாத காட்டுத் துண்டில் கிடைத்தவை. இன்றைய வேகச்சாலையிலிருந்து பார்த்தால் அந்தக் காடு ஒரு பச்சைக் கோடாகத்தான் தெரிகிறது.

அடுத்த எட்டு ஆண்டுகளில் அவர் மலாய்த் தீவுக்கூட்டம் முழுவதும் சுற்றினார். ஏறத்தாழ 14,000 மைல் பயணம். சேர்த்த மாதிரிகள் 125,660. இதை அவர் ஒருவராகச் செய்துவிடவில்லை. சரவாக்கில் வேலைக்குச் சேர்ந்த அலி என்ற மலாய் இளைஞர், சமையலில் தொடங்கி, பறவைகளைச் சுட்டுத் தோலுரித்துப் பதப்படுத்துவதுவரை எல்லாம் கற்று வலக்கையாக இருந்தார். பல்லாண்டு கழித்து எழுதிய சுயசரிதையில் அலியின் படத்தையும் வாலஸ் சேர்த்திருக்கிறார்.

சரவாக்கில் நடந்த இன்னொரு செய்தியைச் சொல்லாமல் போக முடியாது. சிமுஞ்சான் ஆற்றுப் பகுதியில் அவர் ஓராங் ஊத்தான்களைச் சுட்டார். அருங்காட்சியகங்களுக்கு விற்பதற்காகத்தான். இன்று படிக்கும்போது மனம் சங்கடப்படுகிறது. அப்படிச் சுட்ட ஒரு தாயின் குட்டி, சதுப்பு நிலச் சேற்றில் முகம் புதைந்து கிடந்தது. தூக்கியதும் அது அவருடைய தாடியை இறுகப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. பால் கிடைக்காததால் கஞ்சித் தண்ணீர் ஊட்டினார். பெட்டியில் பாய் விரித்துத் தொட்டில் செய்தார். குளிப்பாட்டித் துவட்டினார். கட்டிப்பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும் என்று எருமைத் தோலைச் சுருட்டி ஒரு பொம்மைத் தாய் செய்து கொடுத்தார். குட்டி அதில் பால் தேடி வாய் நிறைய முடியை இழுத்துக்கொண்டதால் அதையும் எடுத்துவிட நேர்ந்தது. ஏறக்குறைய மூன்று மாதம் வளர்ந்து, காய்ச்சலில் செத்துப்போனது. துப்பாக்கி பிடித்த கையும் கஞ்சி ஊட்டிய கையும் ஒரே மனிதருடையவை.

1858இல் மலுக்குத் தீவுகளில் காய்ச்சலில் நடுங்கிக் கிடந்தபோது, சூழலுக்குப் பொருந்தும் உயிர்களே பிழைத்து இனம் பெருக்குகின்றன என்ற இயற்கைத் தேர்வுக் கருத்து அவருக்குப் பளிச்சிட்டது. எழுதி டார்வினுக்கே அனுப்பினார். 20 ஆண்டுகளாக அதே கருத்தை வெளியிடாமல் வைத்திருந்த டார்வின் திகைத்துப்போனார். ஜூலை 1ஆம் தேதி இருவர் எழுத்தும் லண்டனில் ஒரே கூட்டத்தில் படிக்கப்பட்டன. வாலஸ் அப்போது தொலைதூரத் தீவில். டார்வினோ, சில நாள்களுக்கு முன் இறந்த கைக்குழந்தையின் துக்கத்தில் வீட்டில்.

வாலஸ் 1862இல் இங்கிலாந்து திரும்பினார். கூடவே இரண்டு உயிருள்ள சொர்க்கப் பறவைகள். அவற்றுக்குக் கரப்பான்பூச்சி என்றால் உயிர். அதனால் மால்டாவில் ஒரு ரொட்டிக் கடையில் டின் டின்னாகக் கரப்பான் பிடித்துக் கொண்டுவந்தார். பறவைகள் பத்திரமாக லண்டன் விலங்குத் தோட்டம் போய்ச் சேர்ந்தன.

1866இல் தாவரவியலாளர் வில்லியம் மிட்டனின் மகள் ஆனியை மணந்தார். மாப்பிள்ளைக்கு 43 வயது, பெண்ணுக்கு அதில் பாதிகூட இல்லை. ஆனாலும் செடி வளர்ப்பதில் இருவருக்கும் ஒரே ஆசை. ஹெர்பர்ட், வயலெட், வில்லியம் என மூன்று பிள்ளைகள். அமேசானில் இறந்த தம்பியின் பெயரும் ஹெர்பர்ட். மூத்தவனை வீட்டில் பெர்ட்டி என்று அழைத்தார்கள்.

முகவர் சேர்த்துவைத்த பணம் ஆண்டுக்குச் சுமார் 300 பவுண்டு வருமானம் தந்தது. அதை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். வாலஸ் அதை எடுத்து ரயில்வே பங்குகளிலும் ஈயச் சுரங்கங்களிலும் போட்டு இழந்தார். தந்தை செய்த அதே தவறு. போதாக்குறைக்கு, பூமி தட்டையானது என்று சாதித்த ஜான் ஹாம்டன் என்பவருடன் 1870இல் 500 பவுண்டு பந்தயம். நேராக ஓடும் ஒரு கால்வாயில் ஆறு மைல் தொலைவுக்கு ஒரே உயரத்தில் அடையாளங்கள் வைத்து, தொலைநோக்கியில் நடு அடையாளம் உயர்ந்து தெரிவதைக் காட்டி வென்றார். நிலம் அளந்த அனுபவம் கைகொடுத்தது. ஆனால் தோற்றவர் விடவில்லை. ஆண்டுக்கணக்கில் அவதூறுக் கடிதங்கள், ஆனிக்கே ஒரு மிரட்டல் கடிதம், வழக்குமேல் வழக்கு. வென்ற பணத்தைவிடச் செலவு அதிகமானது.

நிரந்தர வேலை தேடினார். அரச புவியியல் சங்கத்தில் ஒரு பதவி காலியானது. அது பழைய நண்பர் பேட்சுக்குப் போனது. அருங்காட்சியகப் பதவியும், எப்பிங் வனக் கண்காணிப்பாளர் பதவியும் கைகூடவில்லை. மணிக்கு ஐந்து ஷில்லிங் கூலிக்கு, புவியியல் அறிஞர் லயல் எழுதிய நூலைச் சரிபார்த்துக் கொடுத்தார்.

பிறகு விடைத்தாள் திருத்த உட்கார்ந்தார். ஏறத்தாழ கால் நூற்றாண்டு, பள்ளி மாணவர்களின் புவியியல் தேர்வுத் தாள்களைக் கட்டுக்கட்டாகத் திருத்தினார். உயிரினங்களின் வரலாற்றையே மாற்றி எழுதியவர், மலைக்கும் எரிமலைக்கும் வேறுபாடு தெரியாத பிள்ளைகளுக்கு மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தார். ஆண்டு இறுதியில் என் வீட்டு மேசையிலும் தாள் கட்டுகள் குவியும். ஐம்பதாவது தாளில் கண் சொருகும்போது அவர் ஞாபகம் வராமல் இருந்ததில்லை. எனக்கு மாதச் சம்பளம் இருக்கிறது. அவருக்கு அந்தத் தாள்களை விட்டால் அடுத்து எழுதப்போகும் புத்தகம்தான்.

அந்த நெருக்கடியிலும் கிரேஸ் என்ற ஊரில், கைவிடப்பட்ட சுண்ணாம்புக்கல் குழியின் அருகே கான்கிரீட் வீடு ஒன்றைக் கட்டித் தோட்டம் போட்டார். அங்கே குடியேறி இரண்டே ஆண்டில், 1874 ஏப்ரலில், பெர்ட்டி இறந்தான். ஆறு வயது. விலங்குகள் உலகில் எங்கெங்கே பரவியிருக்கின்றன என்பதை விளக்கும் இரண்டு தொகுதிப் பெருநூலை வாலஸ் 1876இல் வெளியிட்டார். அதன் பெரும்பகுதி அந்தத் துயரத்தின் நடுவே உருவானது. அதே ஆண்டு அந்த வீட்டையும் விற்றுவிட்டு டோர்க்கிங்குக்குப் போனார்கள்.

அவருடைய பணக் கஷ்டம் டார்வினின் காதுக்கு எட்டியது. டார்வின் பலரிடம் பேசி, கையெழுத்து வாங்கி, பிரதமர் கிளாட்ஸ்டனுக்கு மனு அனுப்பினார். 1881இல் ஆண்டுக்கு 200 பவுண்டு அரசு உதவித்தொகை கிடைத்தது. அதற்குப் பிறகும் வாலஸ் ஓயவில்லை. 63 வயதில் அமெரிக்காவுக்குக் கப்பலேறி, ஊர் ஊராகச் சொற்பொழிவாற்றிச் சம்பாதித்தார். அந்தப் பயணத்தில்தான், தங்கம் தேடிக் கலிஃபோர்னியா போன அண்ணன் ஜானை ஏறக்குறைய 40 ஆண்டுகளுக்குப் பிறகு பார்த்தார்.

வயலெட் ஆசிரியையானார். வில்லியம் மின்பொறியாளரானார். வாலஸ் எழுதுவதையும் தோட்ட வேலையையும் கடைசிவரை நிறுத்தவில்லை. 1913 நவம்பர் 7ஆம் தேதி, 90 வயதில், பிராட்ஸ்டோன் ஊரில் தாம் கட்டிய வீட்டில் காலமானார். அங்குள்ள இடுகாட்டில் அவர் கல்லறைமேல் கல்லாகிப்போன பழங்கால மரத்துண்டு ஒன்று நிற்கிறது. மறு ஆண்டு ஆனியையும் அவருக்குப் பக்கத்திலேயே அடக்கம் செய்தார்கள்.