மார்க்க அறிஞரும் மதச்சார்பற்ற அரசும்

நுழையும்முன்

சமயப்பற்று மிகுந்த மக்கள் வாழும் நாட்டில், எச்சமயத்தையும் சாராத அரசு நிலைபெற இயலுமா? இவ்வினாவிற்குத் தம் வாழ்வையே விடையாக்கியவர் மௌலானா அபுல் கலாம் ஆசாத்.

1888ஆம் ஆண்டு நவம்பர் 11ஆம் நாள் மெக்காவில் பிறந்த ஆசாத், கல்கத்தாவில் வளர்ந்தார். இவர்தம் தந்தை கைருத்தீன் சீடர் பலரைப் பெற்ற மார்க்க அறிஞர். ஆசாத் அரபு, பாரசீக மொழிகளை வீட்டிலேயே கற்றார். பின்னர் ஆங்கிலத்தைத் தாமே பயின்றார். வழிவழி வந்த கருத்துகளையும் ஆராய்ந்தே ஏற்க விழைந்த அவர், விடுதலை பெற்றவர் எனப் பொருள்படும் ‘ஆசாத்’ என்பதைப் புனைபெயராகக் கொண்டார்.

1912இல் அவர் தொடங்கிய ‘அல் ஹிலால்’ என்னும் உருது வார இதழ், இந்து முஸ்லிம் ஒற்றுமையையும் நாட்டு விடுதலையையும் வலியுறுத்தியது. ஆங்கில அரசு அதனை ஒடுக்கியது. 1916இல் அவரை வங்கத்தினின்று வெளியேற்றி, ராஞ்சியில் காவலில் வைத்தது. குர்ஆனை உருதுவில் பெயர்த்து விளக்கம் எழுதும் பணியில் அவர் ஆழ்ந்தார். பின்னொரு சிறைவாசத்தின்போது காவலர் கைப்பற்றிய கையெழுத்துப் படிகள் சிதைந்தன. அவர் சோர்வின்றி மீண்டும் எழுதினார். சமயங்களின் புற வடிவங்கள் வேறுபடினும் உள்ளுறை ஒன்றே என்பது அவர் கண்ட முடிவு. எனவே, பிற சமயத்தாரோடு இணைந்து ஒரே நாட்டினராய் வாழ்வதற்கான ஊக்கத்தைத் தம் சமயத்திலிருந்தே அவர் பெற்றார்.

1940 மார்ச்சில் ராம்கர் காங்கிரசு மாநாட்டுக்குத் தலைமையேற்ற ஆசாத், தாம் முஸ்லிமாகவும் இந்தியராகவும் விளங்குவதில் முரணில்லை என எடுத்துரைத்தார். அதே மாதத்தில் முஸ்லிம் லீக், லாகூரில் தனி நாட்டுக் கோரிக்கையைத் தீர்மானமாக நிறைவேற்றியது. தம் சமயத்தாருள் பலர் அவரைப் பழித்தனர். அவர் நிலை மாறவில்லை. 1942இல் அகமதுநகர்க் கோட்டையில் சிறைவைக்கப்பட்டார். மறு ஆண்டு மனைவி சுலைகா பேகம் நோயுற்றபோதும் ஆங்கில அரசிடம் சலுகை வேண்ட மறுத்தார். மனைவியின் மறைவுச் செய்தியே சிறைக்குள் வந்து சேர்ந்தது.

1947இல் நாடு பிரிந்தது. அச்சத்தால் தில்லியை விட்டு வெளியேற முனைந்த முஸ்லிம்களிடம், அவ்வாண்டு அக்டோபரில் ஜாமா மசூதியில் உரையாற்றிய ஆசாத், இம்மண் அவர்களுக்கும் உரியது என உணர்த்தினார்.

அவர் உறுப்பினராயிருந்த அரசியல் நிர்ணய சபை, அவ்வுரிமையைச் சட்டமாக்கியது. 1909 முதல் சமய அடிப்படையில் வகுக்கப்பட்டிருந்த தனி வாக்காளர் தொகுதிகள் நீங்கின. அனைவருக்கும் பொதுவான வாக்காளர் பட்டியல் வந்தது. அப்பட்டியலின்வழி நடந்த முதல் பொதுத்தேர்தலில் ஆசாத், ராம்பூரில் வென்றார்.

வாக்குரிமை பெற்ற மக்களுக்குக் கல்வியே கண் என்பதை உணர்ந்த அவர், நாட்டின் முதல் கல்வி அமைச்சராக 1958 வரை பணியாற்றினார். கரக்பூர் தொழில்நுட்பக் கழகமும் பல்கலைக்கழக மானியக் குழுவும் அவர் காலத்தில் உருவாயின.

1958 பிப்ரவரி 22ஆம் நாள் மறைந்த ஆசாத், தில்லியில் செங்கோட்டைக்கும் ஜாமா மசூதிக்கும் இடையே அடக்கம் செய்யப்பட்டார். அவர் பிறந்தநாள் தேசியக் கல்வி நாளாகக் கொண்டாடப்படுகிறது.